லேதர்: நுரையா, குழைநுரையா?

சவர சோப்பின் உறையில் ‘ரிச் லேதர்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தமிழில் எழுத வேண்டி வந்தால் ‘நல்ல நுரை’ என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம், நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். ‘லேதர்’ என்று அப்படியே போட்டால் தோலைச் சொல்கிறோமா நுரையைச் சொல்கிறோமா என்ற குழப்பம் வேறு, தமிழ் எழுத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வந்து நிற்கும். ஆனால் பிரஷ்ஷும் சோப்புமாகச் சவரம் செய்யப் பழகிய பிறகு, வெறும் ‘நுரை’ இங்கே போதவே போதாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

முதலில் ஆங்கிலச் சொல். பழைய ஆங்கிலத்தில் இதற்கு நுரை என்பதோடு, துணி வெளுக்கும் சலவைச் சோடா என்ற பொருளும் இருந்தது. வேர் என்று பார்த்தால், ‘கழுவு’ என்று பொருள்படும் ஒரு பழைய இந்தோ ஐரோப்பிய வேர். லத்தீனில் கழுவுவதைச் சொல்லும் ‘லவாரே’வும் அதே வேரில் பிறந்ததுதான், அந்த லத்தீன் வழியாக வந்த லாண்டரியும் லோஷனும் லேதருக்குத் தூரத்து உறவு. ஆங்கிலத்தில் நுரைக்கு ஃபோம், ஃப்ராத், லேதர் என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. ஃபோம் பொதுச்சொல். ஃப்ராத் என்பது மேலாக மிதக்கும் லேசான நுரை. லேதர் மட்டும் சோப்பையும் தண்ணீரையும் சேர்த்துத் தேய்த்து எழுப்புவது. ஓடிக் களைத்த குதிரையின் உடம்பில் வியர்வை நுரைத்து நிற்பதையும் இதே சொல்லால்தான் சொல்கிறார்கள்.

நம்மிடம் இருப்பது நுரை. அசல் திராவிடச் சொல். மலையாளத்தில் நுர, கன்னடத்தில் நொரெ, தெலுங்கில் நுருகு. சங்க காலத்திலேயே இருக்கிறது, குறுந்தொகை 290ஆம் பாட்டில் ‘கல்பொரு சிறுநுரை போல மெல்ல மெல்ல இல்லாகுதுமே’ என்று வருகிறதே, அந்த வரியில் இருக்கும் உவமைக்காகவே பாடியவருக்குக் கல்பொரு சிறுநுரையார் என்று பெயர் நிலைத்துவிட்டது. பாறையில் மோதி, கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றுமில்லாமல் போவது. சங்கப் பாட்டில் நுரை அழிவுக்கு உவமை. சவரத்துக்கோ நேர் எதிரானது வேண்டும், கத்தி வந்து சேரும்வரை கன்னத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நுரை வேண்டும். சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

அப்புறம் இன்னொரு சொல்லையும் இங்கே தெளிவுபடுத்திவிடலாம். சோப்பைச் சவர்க்காரம் என்கிறோம் அல்லவா, அதற்கும் சவரத்துக்கும் சம்பந்தம் கிடையாது. சவர் என்றால் உவர்ப்பு, சவர்க்காரம் உவர்ப்பான காரம் (மிளகாய்க் காரம் அல்ல, சலவைச் சோடா மாதிரியான ஆல்கலி). சவரம் வடமொழி க்ஷௌரத்திலிருந்து வந்தது, அதற்கு அடியில் இருப்பது சவரக் கத்தியைக் குறிக்கும் க்ஷுரம். தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் மழித்தல் இருக்கிறது, ‘மழித்தலும் நீட்டலும் வேண்டா’ என்று குறளே சொல்கிறது. ஆங்கிலத்தின் பழைய லேதரும் காரத்தைக் குறித்தது, நம் சவர்க்காரமும் காரத்தைத்தான் குறிக்கிறது. இரண்டு மொழியும் கழுவும் பொருளுக்குக் காரத்தை வைத்தே பெயர் தேடியிருக்கின்றன, எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.

சரி, பிரஷ்ஷில் எழுவது உண்மையில் என்ன? சோப்புக் கரைசலுக்குள் சிறைப்பட்ட காற்று. குமிழி பெரிதாக இருந்தால் அது சீக்கிரம் உடைந்து தண்ணீர் வடிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக இருந்தால் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தாடிமுடியை மிருதுவாக்குவது சோப்பு என்று பலர் நினைக்கிறார்கள், அந்த வேலையைச் செய்வது தண்ணீர்தான், ஊறிய முடியை வெட்டக் காய்ந்த முடியைவிட மிகக் குறைந்த விசை போதும். நுரையின் வேலை அந்தத் தண்ணீரை முகத்திலேயே நிறுத்திவைப்பதும், கத்தி வழுக்கிப்போக வழி செய்வதும். இதற்காகத்தான் சவர சோப்பில் ஸ்டியரிக் அமிலம் அதிகம் சேர்க்கிறார்கள், அது நிலைத்து நிற்கும் அடர்த்தியான நுரையைத் தரும். தேங்காய் எண்ணெயில் செய்த குளியல் சோப்பு சட்டென்று பொங்கும், அதே வேகத்தில் அடங்கியும் விடும். பொட்டாசியம் காரத்தில் செய்தால் சோப்பு இளகலாக இருக்கும், கிரீம் பெரும்பாலும் அந்த வகைதான், எளிதில் கரையும்.

இதைச் செய்யும் விதத்தைப் பார்த்தால் சொல் தானாகவே வந்துவிடுகிறது. பிரஷ்ஷை வெதுவெதுப்பான தண்ணீரில் ஓரிரு நிமிடம் ஊறவைத்து (பன்றி முடி என்றால் இன்னும் கொஞ்சம் நேரம், செயற்கை இழைக்கு நனைத்தாலே போதும்), உதறிவிட்டு, சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்ற வேண்டும். முதலில் பிசுபிசுவென்று பசைதான் வரும். கிரீமாக இருந்தால் விரல்நுனி அளவு கிண்ணத்திலோ நேராகக் கன்னத்திலோ வைத்துக்கொள்ளலாம். பிறகு சில சொட்டுத் தண்ணீர், சுழற்று, மறுபடி சில சொட்டு, சுழற்று. அவசரப்பட்டு ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினால் பெரிய பெரிய குமிழியாகக் கிளம்பும், அது கல்பொரு சிறுநுரை. பொறுமையாகச் செய்தால் ஒரு கட்டத்தில் பசை மினுமினுக்கும், பிரஷ்ஷைத் தூக்கினால் நுரையின் நுனி லேசாக வளைந்து நிற்கும். அதுதான் பதம். மேலே வறண்டு மங்கலாகத் தெரிந்தால் தண்ணீர் குறைவு, வழிந்து ஓடினால் அதிகம். உப்புத் தண்ணீராக இருந்தால் அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்துவிடும், அங்கே சோப்பைக் கூடுதலாக எடுத்துக்கொள்வதுதான் வழி.

இந்த வேலைக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு வினை இருக்கிறது: குழைத்தல். சந்தனம் குழைக்கிறோம், வண்ணம் குழைக்கிறோம், மருந்தைத் தேனில் குழைக்கிறோம். கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் சேர்த்து, அழுத்திச் சுழற்றி, ஒரே சீராக மிருதுவாக்குவது எல்லாவற்றுக்கும் பொது. ஆகவே நான் சொல்வது ‘குழைநுரை’. ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை, காலம் காட்டாமல் மூன்று காலத்துக்கும் நிற்கும். வினையாக எழுதும்போது ‘நுரை குழைத்தான்’, ‘நன்றாகக் குழைந்து வந்தது’ என்று இயல்பாகவே எழுதலாம், ‘லேதர் செய்தான்’ என்று ஒட்டுப்போட வேண்டியதில்லை. ரிச் லேதரை ‘வளமான நுரை’ என்று சிலர் எழுதுகிறார்கள், அது நிலத்துக்குச் சொல்வது போல இருக்கிறது. ‘அடர்ந்த குழைநுரை’ சரியாக இருக்கும்.

டப்பாவை அழுத்தினால் புஸ்ஸென்று வருகிறதே, அதற்கு இந்தச் சொல்லைக் கொடுக்க மாட்டேன். அழுத்தத்தில் அடைத்த வாயு வெளியே வந்ததும் விரிந்து ஊதிவிடுகிற நுரை அது, அங்கே குழைப்பதற்கு இடமே இல்லை. அதற்குச் ‘சவரநுரை’ போதும்.