எலக்ட்ரோ ஆஸ்மாசிஸ்: இதில் சவ்வு எங்கே?

உப்புப் போட்டுப் பிசறிய மாங்காய்த் துண்டு கொஞ்ச நேரத்தில் நீர் விட்டுச் சுருங்கும். அது ஆஸ்மாசிஸ். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் சவ்வூடு பரவல், இலங்கையில் பிரசாரணம். மாங்காயின் செல் சவ்வைத் தாண்டித்தான் நீர் வெளியேறுகிறது. அங்கே சவ்வூடு பரவல் என்ற பெயர் சரி. அதன் முன்னால் 'எலக்ட்ரோ' வந்து ஒட்டும்போதுதான் சிக்கல். பழைய தடத்திலேயே போய், மின்னாற் சவ்வூடு பரவல் என்று எழுதிவிடுகிறோம். ஆனால் இது மின்சாரத்தால் நீர் நகர்வது, இதற்குச் சவ்வு தேவையில்லை. நடப்பது பரவலும் இல்லை.

கிரேக்கத்தில் 'ஓஸ்மோஸ்' என்றால் தள்ளுதல், அவ்வளவுதான். சவ்வு நாம் சேர்த்தது. பார்க்கப்போனால் நிகழ்வு பெயருக்கு மூத்தது. களிமண் ஊடாக நீர் மின்சாரத்தால் நகர்வதை மாஸ்கோவில் ராய்ஸ் என்ற ஆய்வாளர் 1809-இலேயே எழுதிவிட்டார். ஆஸ்மாசிஸ் என்ற பெயருக்கு முன்னோடியான 'எண்டோஸ்மோஸ்' என்ற சொல்லைப் பிரான்சின் ஆய்வாளர் துத்ரோஷே உருவாக்கியது 1820களில்.

நீர் பட்ட கண்ணாடிச் சுவர் எதிர்மின்னூட்டம் பெறும். நீரிலுள்ள நேர்அயனிகள் சுவரையொட்டிச் சில நானோமீட்டர் அளவில் திரளும். சுவர் நெடுக மின்புலம் கொடுத்தால் அவை நகரும். பக்கத்து நீரையும் இழுத்துக்கொண்டு போகும். முடியைவிடக் குறுகிய வழியில்கூடப் பம்ப் இல்லாமல் நீர் ஓடும்.

இதை வைத்து இஸ்ரேலின் டெக்னியான், சூரிச்சின் ஐபிஎம் ஆய்வகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் மற்றவர்களோடு சேர்ந்து 2021-இல் ஒரு வித்தை காட்டினார்கள். இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஓடும் நீரில் ஒரு தூண். நீர் அதைச் சுற்றி வளைந்துதானே போக வேண்டும்? தூணைச் சுற்றியுள்ள பரப்பின் மின்னூட்டத்தை மின்னழுத்தத்தால் மாற்றினார்கள். ஒரு நிலையில், அந்தப் பகுதிக்கு வெளியே தூணே இல்லாததுபோல் நீர் நேராக ஓடியது. இன்னொரு நிலையில், தூண்மேல் நீரின் விசையே விழவில்லை. முன்னது மறைப்பு, பின்னது காப்பு. நம் கண்ணுக்குத் தூண் தெரியும், நீருக்குத்தான் தெரியாது! நீர் ஓடும் தடங்களை, அதாவது ஓட்டக்கோடுகளை, சுழித்து மூடினால், ஆற்றுச் சுழியில் சருகு மாட்டுவதுபோல நுண்துகளும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? தள்ளுதலுக்கு நம்மிடம் 'உந்து' இருக்கிறது. பேருந்தில் தினமும் ஏறுகிறோம். முதலில் 'மின்னுந்து ஓட்டம்' என்று எழுதிப் பார்த்தேன். பேட்டரி ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத்தருவதுபோல் இருந்தது. அதனால் இப்போதைக்கு 'மின்னுந்து பாய்வு'.