குழலின் மேல் பழி போடுமுன்

மே மாதம் பிறந்தால் எனக்கு வேலை கூடும். தென்மேற்குப் பருவமழை கொழும்பைத் தொட்டு இரண்டு மூன்று கிழமைகளில், துப்பாக்கி சுடும் விளையாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக என் பழுதுபார்க்கும் மேசைக்கு வருவார்கள். “சேர், ரவை குறியில் விழுவதில்லை, குழல் தேய்ந்துவிட்டது போல” என்றுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்கும். பெப்ரவரியில் ஒழுங்காகச் சுட்ட துப்பாக்கியின் குழல் ஜூனுக்குள் எப்படித் தேயும்? இவர்கள் சுடும் பொயின்ட் டூ டூ (.22) ரவையின் சன்னம் மென்மையான ஈயம், அழுத்தமும் குறைவு. அந்தக் குழல் பல பத்தாயிரம் ரவைகளைத் தாங்கும். வருகிறவர்களில் பாதிப் பேர் ஆயிரத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

போன வருடம் வந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு. தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே வைத்திருந்த போல்ட் வகைத் துப்பாக்கி (தாழ்ப்பாள் போல ஒன்றைக் கையால் இழுத்து ரவை ஏற்றுவது), குழலைத் தாங்குவது வால்நட் மரக் கட்டை. “முதல் மூன்று ரவையும் ஒரே இடத்தில் விழுகின்றன, பிறகு இடப்பக்கம் மேலே ஏறிக்கொண்டே போகின்றன” என்றான். எனக்கு அதுவே போதும். தேய்ந்த குழல் நாலாபுறமும் இறைக்கும், இப்படி ஒரு திசை பார்த்து நடக்காது. சூடேறும் குழலை ஏதோ ஒன்று ஒரு பக்கமாகத் தள்ளுகிறது.

குழலின் ரவை அறை வெறுமையாக இருக்கிறது என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, போல்ட்டைக் கழற்றி மேசையில் வைத்த பிறகுதான் வேறு எதையும் தொடுவேன். சட்டைப்பையில் இருந்த 20 ரூபாய்த் தாளைக் குழலுக்கும் அதன் அடியில் இருக்கும் முன்கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்தேன். வலப்பக்கம் பாதி வழியில் தாள் சிக்கியது. மரம் ஈரக்காற்றைக் குடித்து வீங்கியிருந்தது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஆனால் தாள் சிக்கிய உடனே அரத்தாளை எடுத்துத் தேய்க்க வேண்டாம். சில தொழிற்சாலைகள் முன்கட்டையின் நுனியில் குழலைத் தாங்க வேண்டுமென்றே ஒரு மேட்டை விடுகின்றன. அதைச் சுரண்டி எறிந்துவிட்டு என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு.

அடுத்த சோதனையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். துப்பாக்கியை நிமிர்த்தி, குழலும் முன்கட்டை நுனியும் சேரும் இடத்தில் ஒரு விரலை இரண்டையும் தொட்டபடி வைக்க வேண்டும். மற்றக் கையால், இரும்பை மரத்தோடு பிணைக்கும் முன் திருகாணியை மெதுவாகத் தளர்த்தி மறுபடி இறுக்க வேண்டும். இரும்பு மரத்தில் சமமாக உட்கார்ந்திருந்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. இவனுடையதில் ஒவ்வொரு சுற்றுக்கும் குழல் விரலடியில் புழுவைப் போல அசைந்தது. அதைவிடக் கேவலம், அந்தத் திருகாணி இறுகியே இருக்கவில்லை. பகலில் குளிரூட்டி அறையில் காய்வதும் இரவில் ஜன்னல் வழியே கடற்காற்றில் ஊறுவதுமாக இருந்த மரம், திருகாணிக்கு அடியில் நசுங்கிப் போயிருந்தது. இறுக்கியவன் இறுக்கியதாகவே நம்பிக்கொண்டிருந்தான்.

திருகாணிக்கு விரல் பலம் அளவல்ல. முறுக்குவிசை காட்டும் திருப்புளியை வாங்குங்கள். எவ்வளவு இறுக்கவேண்டும் என்பது அந்தத் துப்பாக்கியின் கையேட்டில் இருக்கும். ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பிடிக்கும் வளையங்களுக்குப் பெரும்பாலும் 15 முதல் 20 அங்குல இறாத்தல் போதும். அதற்குமேல் போனால் ஸ்கோப்பின் குழாயே நசுங்கும்.

குழலை மாற்றலாமே என்று சிலர் எளிதாகச் சொல்கிறார்கள். 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் நடக்கிற நாடு இது, அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறோம். புதுக் குழல் கறிவேப்பிலை போலச் சந்தையில் கிடைப்பதில்லை. செலவில்லாத காரணங்களை முதலில் தீர்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொரு கெட்ட பழக்கம், மூன்று ரவை சுட்டு இலக்குத் தாளைத் தூக்கிக் காட்டுவது. பத்துத் துளைகளில் கிட்டக்கிட்ட விழுந்த மூன்றைப் பொறுக்கினால் எந்தத் துப்பாக்கியும் அழகாகத்தான் தெரியும். பத்து ரவை ஒரே கொத்தாகச் சுடுங்கள், ‘அது என் கை நடுக்கம்’ என்று எதையும் தள்ளாதீர்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இளவயதில் நான் ஒரே நாளில் ஸ்கோப்பையும் வளையத்தையும் ரவையையும் மாற்றினேன். கொத்து பாதியாகச் சுருங்கியது. எதனால் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ரவை விடயத்தில் வேகம் கூடினால் நல்லது என்று நினைக்கிறார்கள். நம் ஊர் 30 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 349 மீற்றர். அதிவேக ரவை 380 அளவில் கிளம்பி, இலக்கை அடையுமுன் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த எல்லையைக் கடக்கும்போது சன்னம் தடுமாறும். 325 அளவில் புறப்படும் சாதாரண ரவைக்கு அந்த ஆபத்தே இல்லை. வகையை மாற்றினால் முதல் பத்து இருபது ரவைகளைக் கணக்கில் எடுக்கவேண்டாம். பழைய ரவையின் மெழுகு போய்ப் புதியது படிய அவ்வளவு வேண்டும்.

ஸ்கோப்பில் பலர் பார்க்காமல் விடுவது பரலக்ஸ், கண் நகர்ந்தால் குறியும் நகர்வதாகத் தெரியும் பிழை. துப்பாக்கியை மணல்மூட்டையில் அசையாமல் கிடத்திவிட்டு, கன்னத்தை வைக்காமல் கண்ணை மட்டும் இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகர்கிறதா? 100 மீற்றருக்கு அமைத்த, 40 மில்லிமீற்றர் முன்வில்லை உள்ள ஸ்கோப், 50 மீற்றரில் அதிகபட்சம் 10 மில்லிமீற்றர் வரை ஏமாற்றக்கூடும். ஐம்பது மீற்றர் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீற்றர்தான். கன்னம் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் அமர்ந்தால் குழல் என்ன செய்யும், பாவம்.

துடைப்பதைப் பற்றி ஒரு சொல். கோலைக் குழல்வாய்ப் பக்கமிருந்து குத்தாதீர்கள். சன்னம் கடைசியாகத் தொட்டு விடைபெறும் விளிம்பு அது. காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை உள்ளிருந்து வெளியே விளிம்போடு இழுத்துப் பாருங்கள், ஒரு நூல் பஞ்சு சிக்கினாலும் அங்கே காயம் இருக்கிறது. அதைச் சரிசெய்வது அனுமதி பெற்ற பழுதுபார்ப்பவரின் வேலை. துணி உறையிலும் துப்பாக்கியை வைக்காதீர்கள். உப்புக் காற்றின் ஈரத்தை உறை பிடித்துவைக்கும், உள்ளே துரு தொடங்கும்.

வெள்ளவத்தைத் தம்பியின் கட்டையில் இரும்பு உட்காரும் இடத்துக்கு எபொக்சிப் பசையால் படுக்கை போட்டு, வலப்பக்கம் சிறிது கழித்து, வெட்டிய மரத்துக்கு எண்ணெய் ஊட்டினேன். பழைய ரவை, பழைய ஸ்கோப். பத்தும் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றிக்குள் அடங்கின. இப்போது அவன் துப்பாக்கியின் இரண்டு திருகாணித் தலைகளிலும், தலையிலிருந்து இரும்புவரை மெல்லிய சிவப்புக் கோடு இருக்கிறது. கோடு விலகினால் திருகாணி நழுவிவிட்டது என்று அர்த்தம். நகப்பூச்சு அக்காவுடையதாம், கேட்காமல் எடுத்தானாம்.