ஈக்கோடோன்: தமிழில் மயங்குநிலம்

சிங்கப்பூரின் உபின் தீவின் கிழக்கு முனையில் இருக்கிறது செக் ஜாவா. ஏறத்தாழ 100 ஹெக்டர்தான். அதற்குள் கரையோரக் காடு, அலையாத்திக் காடு, மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் படுகை, பவளச்சிதைவு மேடு என ஆறு வாழிடங்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. 2001 டிசம்பரில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிலமீட்புத் திட்டத்தை அரசு ஒத்திவைத்ததால் நமக்கு மிஞ்சிய இடம். இப்படி இரு வாழிடங்கள் சந்திக்கும் பட்டையைத்தான் சூழலியலில் ‘ஈக்கோடோன்’ என்கிறார்கள்.

கிரேக்கத்தில் ‘ஓய்கோஸ்’ வீடு. ‘டோனோஸ்’ இழுவிசை, நாணில் ஏறும் முறுக்கு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த கூட்டுச்சொல் இது. ‘எல்லை’ என்று தமிழாக்கினால் கோடு மட்டும் நிற்கும், இழுப்பு போய்விடும்.

அந்த இழுப்பு 2007 தொடக்கத்தில் வெளிப்பட்டது. பக்கத்து மலேசியாவின் ஜொகூர் வெள்ளத்தின் நன்னீர் கடலில் கலந்து உப்பு குறைந்ததும் செக் ஜாவாவின் கடற்சாமந்திகளும் உடுமீன்களும் (நட்சத்திர மீன்கள்) திரளாக மடிந்தன. ஆனால் அதே கலப்புதான் அங்கே உயிர்களைப் பெருக்குவதும். நீர் வற்றிய பொழுதில் நடைபாலத்தில் குனிந்து பாருங்கள்: செவுளறையில் நீரை அடக்கிக்கொண்டு உளுவை மீன் சேற்றில் தாவும். பக்கத்தில் ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டு, அதை ஆட்டி ஆட்டி இணையை அழைக்கும்.

தமிழில் என்ன சொல்லலாம்? ஒரு திணைக்குரியது இன்னொரு திணையில் கலக்கும் ‘திணைமயக்கம்’ உடனே நாவில் வரும். “திணைமயக் குறுதலும் கடிநிலை இலவே” என்று அதை ஏற்கும் தொல்காப்பியம், அடுத்த அடியிலேயே “நிலனொருங்கு மயங்குதல் இன்றென மொழிப” என்கிறது. திணைக்குரிய ஒழுக்கம் (கூடல், பிரிவு போன்றவை) கலக்கலாம், நிலம் கலவாது. அது பாட்டுக்குரிய மரபு. செக் ஜாவாவிலோ நிலமே கலக்கிறது. அதனால் திணைமயக்கத்தைப் பாட்டுக்கே விட்டுவிட்டு, ‘மயங்குநிலம்’ என்பதையே நான் பரிந்துரைப்பேன்.

மயக்கம் என்றதும் தலைசுற்றலை நினைக்க வேண்டாம். மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து நிற்பதைச் சொல்லும், பள்ளியில் படித்த மெய்ம்மயக்கத்தை நினையுங்கள். ‘சங்கு’ என்று சொல்லிப் பாருங்கள்: ங் பக்கத்தில் நிற்பதால் வல்லினக் க் இளகி ஒலிக்கிறது. எழுத்து மாறவில்லை, ஒலி மாறிவிட்டது. கடலோரச் சேற்றில் நிற்கும் அலையாத்தி மரம் மூச்சுவேர் விடுவதும் அப்படித்தான்.

பயன்பாடு: “ஓதம் இறங்கட்டும், மயங்குநிலத்தில் கடற்புல் தெரியும்.”