பேனலைசேஷன்: குழுவாக்கம் அல்ல, பாவுதல்

பெங்களூரில் பீன்யா, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் சர்க்யூட் போர்டு வேலைக்கு வரும் நம் பிள்ளைகளுக்கான ஒரு தமிழ்க் கையேட்டில் ‘பேனலைசேஷன்’ என்பது ‘குழுவாக்கம்’ ஆகியிருக்கிறது. இன்னொன்றில் ‘அடுக்கமைப்பு’. இரண்டுமே தவறு.

வேலை இதுதான்: செம்பு ஒட்டிய ஒரு பெரிய லேமினேட்டில் (கண்ணாடி இழைத் துணியை எபாக்சிப் பிசினில் இறுக்கிய பலகை) பல சிறு போர்டுகளை நெருக்கி வரைந்து, மொத்தமாகச் செய்து, கடைசியில் வெட்டிப் பிரிப்பது. ‘பேனல்’ லத்தீனில் துணியைக் குறித்த ‘பன்னுஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. துணித்துண்டு தோல்துண்டாகி, அதில் எழுதிய நடுவர் பட்டியலாகி, பிறகுதான் குழு என்ற பொருள் வந்தது. அகராதியில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டால் குழுவாக்கம்தான் கிடைக்கும்.

‘அடுக்கமைப்பு’ கேட்க நன்றாக இருக்கிறது, அதனால் ஆபத்தும் கூடுதல். அடுக்குதல் என்றால் ஒன்றன்மேல் ஒன்று வைப்பது. நாலடுக்கு போர்டு என்றால் நான்கு செம்புப் படலம் கொண்டது. துளையிடும்போதோ பேனல்களையே உண்மையில் அடுக்கித்தான் துளைக்கிறார்கள். அந்தத் தளத்தில் போய் “24 போர்டுகளை அடுக்கு” என்றால் புதிதாக வந்தவர் என்ன செய்வார்? இங்கே எதுவும் மேலே ஏறுவதில்லை, எல்லாம் ஒரே தரையில் பக்கம் பக்கமாக.

அதற்குத் தமிழில் சொல் இருக்கிறது: பாவுதல். கல் பாவிய தெரு, ஓடு பாவிய தரை என்கிறோமே, அதேதான். தறியில் நெடுக ஓடும் நூலும் பாவு. லேமினேட்டுக்குள் இருக்கும் கண்ணாடி இழைத் துணிக்கும் பாவும் ஊடும் உண்டு; எல்லா அடுக்கிலும் பாவுத் திசை ஒத்துப் போகாவிட்டால் போர்டு முறுக்கிக்கொள்ளும். சொல் பொருளோடு இவ்வளவு ஒட்டி வருவது அபூர்வம்.

பாவுவதில் கணக்கு முக்கியம். 18க்கு 24 அங்குலப் பேனலில் நாலு பக்கமும் ஓர் அங்குலம் ஓரம் விட்டு, 100க்கு 80 மி.மீ. போர்டுகளை 2 மி.மீ. வெட்டு இடைவெளியோடு பாவுவோம். நீளப் பக்கத்தைப் பேனலின் நீளத்தோடு வைத்தால் 20 போர்டு. திருப்பி வைத்தால் 24. வடிவமைப்பவர் 80ஐ 79.5 ஆகக் குறைத்துக் கொடுத்தால் முதலில் வைத்த வாக்கிலேயே 25! மிஞ்சும் துண்டு வீண்தான், இறுகிய எபாக்சியை மறுபடி உருக்க முடியாது.

இந்த வேலையை ஒருமுறை நேரில் பார்த்திருந்தால் அந்த மொழிபெயர்ப்பாளர்கள் ‘குழு’ என்று எழுதியிருக்க மாட்டார்கள். சொற்பட்டியலை மேசையிலிருந்தே முடித்துவிடும் பழக்கம் நம்மிடம் அதிகமாகிவிட்டது. வெறுமனே ‘பேனல்’ என்றே விட்டிருந்தாலும் யாரும் குழம்பியிருக்க மாட்டார்கள். தூய்மைக்காகத் தெளிவைக் கொடுத்துவிட்டோம். பாவுதலில் இரண்டும் இருக்கிறது. பெரிய பலகையைப் ‘பாவுபலகை’ என்றும், போர்டுகளை வைக்கும் முறையைப் ‘பாவமைப்பு’ என்றும், மிஞ்சுவதைப் ‘பாவுக்கழிவு’ என்றும் எழுதலாம். ‘தாய்ப்பலகை’ மட்டும் வேண்டாம், அது மதர்போர்டுக்குப் போய்விட்டது.