ஹங்கேரிக்கும் ஹூணருக்கும் என்ன உறவு?

மொழிபெயர்ப்பு நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. ஐரோப்பிய வரலாறு பற்றிய கைப்பிரதி வந்தால் ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் தேடுவேன்: "ஹூணர்கள் குடியேறியதால் ஹங்கேரி என்று பெயர் வந்தது." போன மாதமும் இருந்தது. மூலத்தில் அப்படி வரியே இல்லை. வாசகருக்கு உதவியாக இருக்கட்டும் என்று மொழிபெயர்த்தவரே அடைப்புக்குறிக்குள் சேர்த்திருந்தார். அடித்துவிட்டு ஓரத்தில் 'ஒனோகுர்' என்று எழுதினேன்.

ஹங்கேரி என்ற பெயர் அதிலிருந்து வந்தது என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம். துருக்கிய மொழியில் 'ஒன்' என்றால் பத்து. 'ஒகுர்' ஒரு குலக்கூட்டத்தின் பெயர். ஹங்கேரியரின் முன்னோர் கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்தபோது அயலார் அவர்களையும் இந்தப் பெயரால் அழைத்தார்கள். அதில் 'ஹ' கிடையாது. ஜெர்மன் மொழியில் இன்றும் நாட்டின் பெயர் 'உங்கார்ன்'தான். லத்தீனில் எழுதியவர்கள் ஹூணரை நினைத்து முன்னால் 'ஹ' சேர்த்தார்கள். ஹூண மன்னன் அட்டிலா இறந்தது 453-இல். ஹங்கேரியர் கார்பாத்தியப் படுகைக்கு, அதாவது இன்றைய ஹங்கேரி இருக்கும் பகுதிக்கு, வந்ததோ 895 வாக்கில். நடுவே நானூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி.

ஹூணருக்கும் ஹங்கேரியருக்கும் முன்னோராகச் சொல்லப்படும் ஹூனோர், மாகோர் என்ற அண்ணன் தம்பி ஒரு மானைத் துரத்திப் போன கதை 13-ஆம் நூற்றாண்டு வரலாற்று நூலிலேயே உண்டு. ஹங்கேரியருக்கு மிகப் பிரியமான கதை. அதைக் கதையாகவே மொழிபெயர்க்க வேண்டும், சொல்லாராய்ச்சியாக அல்ல.

சரி, அவர்கள் தங்களை என்னவென்று சொல்லிக்கொள்கிறார்கள்? 'மொத்யொர்'. ஆங்கில எழுத்தைப் பார்த்து நாம் 'மக்யார்' என்று எழுதிவிடுகிறோம். ஜி, ஒய் இரண்டும் சேர்ந்து அங்கே ஒரே ஒலி, நம் 'த்ய'வுக்குப் பக்கத்தில் வரும். படுகைக்கு வந்த ஏழு குலங்களில் ஒன்றின் பெயர் மெத்யெர். 950 வாக்கில் பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தொகுத்த நூலில் அந்தப் பட்டியல் இருக்கிறது. சொல்லின் முதல் பாதி, மேற்குச் சைபீரியாவில் வாழும் மான்சி மக்களின் பெயரோடு உறவுடையது என்பார்கள். மான்சி மொழி ஹங்கேரிய மொழிக்கு நெருங்கிய சொந்தம். இரண்டாம் பாதிக்கு 'ஆண், மனிதன்' என்று பொருள் சொல்வார்கள்.

'ஹங்கேரியர்', 'மொத்யொர்' என்ற இரண்டு பெயரையும் எங்கும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாமா? கூடாது. பழைய ஹங்கேரி முடியரசில் ஸ்லோவாக்கியர், ருமேனியர், குரோவாசியர், ஜெர்மானியர் எல்லாரும் இருந்தார்கள். ஸ்லோவாக் மொழியில் அந்த முடியரசு 'ஊஹோர்ஸ்கோ', இன்றைய நாடு 'மத்யார்ஸ்கோ' என்று இரண்டு தனிச் சொற்களே உண்டு. போன மாதக் கைப்பிரதியில் 1848-இல் நடக்கும் ஓர் அத்தியாயம். ஸ்லோவாக்கியக் குடியானவர் ஒருவரை 'மக்யார்' என்று எழுதியிருந்தார்கள். அந்த ஆண்டு அவருடைய இனத்தவரில் ஒரு பகுதியினர் மொத்யொர் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் எடுத்திருந்தார்கள். 'ஹங்கேரி முடியரசின் குடிமகன்' என்று திருத்தி அனுப்பினேன்.