பூத்த தோல்

பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் செய்யும் கமாம்பேர் பாலாடைக்கட்டியின் மேல் வெள்ளை வெல்வெட் போலப் படர்ந்திருக்கும் மெல்லிய தோலுக்குப் பிரெஞ்சில் 'க்ரூத் ஃப்ளேரி' என்று பெயர். 'ஃப்ளேர்' என்றால் பூ. 'க்ரூத்', ஓடு என்று பொருள்படும் 'க்ருஸ்தா' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. அப்படியே பெயர்த்தால் 'பூத்த ஓடு'.

'பூஞ்சை மேலோடு' என்று தமிழில் எழுதலாம், தவறில்லை. ஆனால் அதைப் படித்த பிறகு யாருக்குச் சாப்பிடத் தோன்றும்? ஊறுகாய் ஜாடியைப் பல நாள் கழித்துத் திறந்தால் 'பூசணம் பூத்துவிட்டது' என்கிறோம். சாம்பல் படிந்த தணலை 'நீறு பூத்த நெருப்பு' என்கிறோம். மேலே மெல்லிசாக வெளுத்து எழுவதற்குப் 'பூத்தல்' என்ற வினை நம்மிடம் எப்போதும் இருந்திருக்கிறது. ஓடு என்பது மட்டும் பொருந்தாது. ஓட்டை உடைக்க வேண்டும், இதையோ அப்படியே தின்னலாம். ஆகவே என் தேர்வு 'பூத்த தோல்'.

'பாலாடைக்கட்டி'யும் எனக்கு உறுத்தும் சொல்தான். ஆடை என்பது காய்ச்சிய பாலின் மேல் படிவது. இது ஆடையிலிருந்து செய்வதில்லை, பாலையே உறையவைத்துச் செய்வது. 'பாற்கட்டி' போதும். பிரெஞ்சில் இதன் பெயர் 'ஃப்ரோமாஜ்'. அச்சு என்று பொருள்படும் 'ஃபோர்மா'விலிருந்து பிறந்தது, அதாவது அச்சில் வார்த்தது.

வார்ப்பதைப் பார்த்தால் பெயரின் நியாயம் புரியும். காய்ச்சாத பாலில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையைச் சேர்க்கிறார்கள். உறைந்ததை அகப்பையால் அள்ளி, துளையிட்ட அச்சில் இடைவெளி விட்டு நான்கைந்து முறை ஊற்றுகிறார்கள். நீர் தன் பாரத்திலேயே வடிகிறது. 250 கிராம் வில்லை ஒன்றுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் பால் போகிறது. உப்புத் தடவிக் குளிர்ந்த அறையில் அடுக்கினால், சில நாட்களில் பெனிசிலியம் கமம்பெர்ட்டி என்ற பூஞ்சை வெள்ளையாகப் பூக்கிறது. பூத்த தோல்தான் உள்ளிருப்பதைப் பக்குவப்படுத்துகிறது, வெளியிலிருந்து நடுவை நோக்கி. அதனால்தான் இளம் வில்லையை வெட்டினால் ஓரம் குழைந்தும் நடு சுண்ணாம்பு போல வெளுத்தும் இருக்கும். இந்தத் தூய வெண்மைகூட இருபதாம் நூற்றாண்டில் வந்ததுதான். அதற்கு முன் தோல் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் பூத்தது.

சில வில்லைகளின் சீட்டில் 'ஃபெர்மியே' என்று இருக்கும். மாடு வளர்ப்பவரே தன் பண்ணையிலேயே, தன் மாடுகளின் பாலை மட்டும் கொண்டு செய்தால்தான் அந்தச் சொல்லைப் போடலாம். பக்கத்துப் பண்ணைப் பாலைக் கலந்தால் பெயர் போய்விடும். 'பண்ணைப் பாற்கட்டி' என்று சொல்லலாம். ஒரு வேடிக்கை: இதன் மூலமான 'ஃபிர்மா' இடைக்கால லத்தீனில் நிலத்துக்குக் கட்டும் நிலையான குத்தகைப் பணத்தைக் குறித்தது. அங்கே ஃபெர்மியே என்றால் குத்தகைக்காரர். நம் பண்ணையாரோ குத்தகையை வாங்கிக்கொள்கிறவர்.