பின் அச்சில் ‘முன்சுமை’யா?

லாரியின் பின் அச்சுக்குப் பினியன் ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) மாற்றுவது எப்படி என்று தமிழில் எழுதப்படும் குறிப்புகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: ‘தாங்கியின் முன்சுமையைச் சரிபார்க்கவும்.’ பட்டறையில் கையில் ஸ்பேனரோடு நிற்பவருக்கு இது என்ன சொல்லும்? லாரி என்றாலே சுமை. முன்சுமை என்றால் கேபினை ஒட்டி ஏற்றிய சரக்கு, இல்லாவிட்டால் முன் அச்சில் விழும் பாரம். பேச்சோ பின் அச்சைப் பற்றியது. குறிப்பை மூடி வைத்துவிட்டு அவர் தன் வழக்கப்படி நட்டை இறுக்கப் போய்விடுவார்.

மூலச்சொல் பிரீலோட். ‘பிரீ’ லத்தீன் முன்னொட்டு. இங்கே காலத்தால் முந்தியதைக் குறிக்கிறது. ‘லோட்’ பழைய ஆங்கிலத்தில் வழி, பயணம், கொண்டுசெல்லல் என்ற பொருளில் இருந்து, பின்னால் பாரம் ஆனது. பொறியியலார் அதை எந்த விசைக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். தமிழின் ‘சுமை’ அந்த அளவுக்கு விரியவில்லை. மின்சுமை என்று ஒன்று புழங்குகிறது, சரி. ஆனால் ‘சும’ என்னும் வினையடி இன்றும் தலையிலும் தோளிலும் வண்டியிலும் ஏறுகிற பொருளைத்தான் கண்முன் நிறுத்துகிறது.

பொருளைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்குப் போவோம். பினியன் என்பது இன்ஜினின் சுழற்சியைப் பின் அச்சுக்குள் கொண்டுவரும் சிறு பல்சக்கரம். அதன் தண்டை எதிரெதிராக வைத்த இரண்டு கூம்பு உருளை பேரிங்குகள் (குறிப்பில் வரும் ‘தாங்கி’) பிடித்திருக்கின்றன. வண்டியை இழுக்கும்போது, பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் பற்கள் பினியனை ஒரு பக்கம் தள்ளும். ஆக்சிலரேட்டரை விட்டால் மறுபக்கம் தள்ளும். பேரிங்கில் மயிரிழை ஆட்டம் இருந்தாலும் பினியன் முன்னும் பின்னும் நகரும், பல் பதியும் இடம் மாறும், கிரவுன் ஊளையிடும், புது சீலும் ஒழுகும். அதனால் ஆட்டத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, அதற்கு மேலும் சிறிது நெருக்கி வைக்கிறார்கள். வெளிவிசை வருமுன்பே கொடுத்து வைக்கும் அந்த நெருக்கம்தான் பிரீலோட். இதில் யாரும் எதையும் சுமக்கவில்லை.

‘முன்னழுத்தம்’ என்று எழுதுவோரும் உண்டு. சுமையை விட மேல்தான், ஆனாலும் உதவாது. லாரிக்காரருக்கு அழுத்தம் என்றால் டயர் காற்று அல்லது ஏர் பிரேக் டாங்கி; கேஜைத் தேடுவார். பிரீலோடை அளப்பது கேஜில் அல்ல, தண்டைச் சுற்றும்போது அது காட்டும் எதிர்ப்பில். கணினித் தமிழின் வழியில் போனால் நிலைமை இன்னும் மோசம். அங்கே ‘லோட்’ என்பது ‘ஏற்று’. அதன்படி பிரீலோட் ‘முன்னேற்றம்’ ஆகிவிடும். பேரிங்கில் முன்னேற்றம் கண்டால் மகிழ வேண்டியதுதான்!

என் தேர்வு முன்னிறுக்கம். ஆட்டத்துக்கு எதிர்ச்சொல் இறுக்கம் என்பது பட்டறையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இறுகு, இறுக்கு, இறுக்கம் என்று சொல்லும் இயல்பாகப் பெருகும். முன் + இறுக்கம், தனிக்குறில் முன் ஒற்று இரட்டி, முன்னிறுக்கம். ‘இதிலும் முன் இருக்கிறதே, முன்பக்கம் என்று கொள்ள மாட்டார்களா?’ என்று கேட்கலாம். மாட்டார்கள். இடத்தில் இருக்கும் பொருளோடு சேர்ந்தால்தான் ‘முன்’ இடத்தைக் காட்டும்: முன்சக்கரம், முன்பல், முன்வாசல். செயலோடு சேர்ந்தால் காலத்தைக் காட்டும்: முன்பதிவு, முன்னறிவிப்பு, முன்னேற்பாடு. (முன்பணம் விதிவிலக்கு, பணத்துக்கு முன்பக்கம் இல்லாததால் குழப்பம் இல்லை.) சுமை பொருள், இறுக்கம் செயல். முன்சுமை வழுக்கும் இடம் இதுதான்.

ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். நட்டின் இறுக்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. எனவே நட்டுக்கு ‘முறுக்கு’ என்றும் பேரிங்குக்கு ‘முன்னிறுக்கம்’ என்றும் கறாராகப் பிரித்து எழுத வேண்டும், ஏனென்றால் இரண்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஃபோர்ட் எஃப்-150 பிக்கப்பின் 8.8 அங்குல அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். பினியன் நட்டின் முறுக்கு குறைந்தது 140 அடி-பவுண்டு, அதாவது சுமார் 190 நியூட்டன்-மீட்டர். முன்னிறுக்கமோ ஓடிய பேரிங்குக்கு 8 முதல் 14, புது பேரிங்குக்கு 16 முதல் 29 அங்குல-பவுண்டு. 29 என்றாலும் 3.3 நியூட்டன்-மீட்டரைத் தாண்டாது. ‘அங்குல’த்தை விழுங்கிவிட்டு வெறும் ‘பவுண்டு’ என்று போடும் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். அதை அடி-பவுண்டு என்று எடுத்துக்கொண்டால் 12 மடங்கு. பேரிங் நீலம் பாய்ந்து வெந்துபோகும்.

இந்த அச்சில் சீல் மாற்றும்போது முன்னிறுக்கம் ஏன் குறுக்கே வருகிறது? சீலை எடுக்க, புரோப்பலர் ஷாஃப்டைப் பினியனோடு இணைக்கும் யோக்கைக் கழற்ற வேண்டும், யோக்கைக் கழற்ற நட்டைக் கழற்ற வேண்டும். முன்னிறுக்கத்தைப் பிடித்து வைத்திருப்பதே அந்த நட்டுதான். ஆகவே கழற்றுமுன் புரோப்பலர் ஷாஃப்டைப் பிரித்து, பிரேக் உரசாதபடி சக்கரங்களையும் டிரம்களையும் எடுத்துவிட்டு, அங்குல-பவுண்டு காட்டும் டார்க் ரெஞ்சால் நட்டைப் பிடித்துப் பினியனைச் சீராகச் சுற்றி அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் உதறலில் காட்டும் எண் கணக்கில்லை. சுற்றும்போது நிற்கும் எண்ணே வேண்டும். நட்டு, தண்டு, யோக் மூன்றிலும் நேராக அடையாளம் இட வேண்டும். யோக்கைப் புல்லரால் இழுக்க வேண்டும், சுத்தியலால் அல்ல. சீல் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் யோக்கையும் மாற்றாமல் ஒழுகல் நிற்காது. புது சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, சாயாமல் அடித்து உட்கார வைத்து, புது நட்டைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பினியனைச் சுற்றி உருளைகளை அமர வைத்து அளக்க வேண்டும். குறித்து வைத்த எண் ஓடிய பேரிங்கின் அளவுக்குக் கீழே இருந்தால் அந்த அளவுக்குக் கொண்டுவரலாம். இல்லையென்றால் பழைய எண்ணே இலக்கு.

இலக்கைத் தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்தி ஈடுகட்ட முடியாது. இரு பேரிங்குகளுக்கும் நடுவே இருக்கும் கிரஷ் ஸ்லீவ் ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான், திரும்ப நீளாது. பினியனை வெளியே எடுத்துப் புது ஸ்லீவ் போட வேண்டும். இதற்கு ‘நசுங்கு குழல்’ என்றால் போதும். அகராதியில் ஸ்லீவுக்குச் சட்டைக்கை என்று பார்த்து அப்படியே எழுதுகிறவர்களை என்ன சொல்ல!

கனரக லாரிகள் பலவற்றில் இந்தக் குழல் இல்லை. அதன் இடத்தில் தடிமன் பார்த்துத் தேர்ந்த, நசுங்காத ஸ்பேசர் (இடைவளையம்) இருக்கும். அங்கே நட்டைக் குறித்த முறுக்குக்கு முழுதாக இறுக்கினால் பழைய முன்னிறுக்கமே திரும்ப வரும். அளவு மாற வேண்டுமென்றால் ஸ்பேசர்தான் மாற வேண்டும்: தடித்த ஸ்பேசர் போட்டால் முன்னிறுக்கம் குறையும், மெலிந்ததைப் போட்டால் கூடும். இதையே ‘தடித்த ஸ்பேசர் போட்டால் முன்சுமை குறையும்’ என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். எத்தனை மூட்டை இறக்கலாம் என்று கேட்பார்கள்.